கிளெனிஸ் டிரெம்பாத்தின் காதில் கிடந்தவர்கள்

கிளெனிஸ் டிரெம்பாத்தின் இடது காதிலிருந்து முதலில் விழுந்தது டீன் ஹைட்ரிக்கின் குரல். பாரோ பே என்ற கடலோரச் சிற்றூரின் மருந்துக்கடையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது நடந்தது. காது அரிக்கிறது என்று வந்தவளிடம் கடைக்காரர் நீல் ப்ரௌஸ் ஆலிவ் எண்ணெய் கொடுத்து, சில நாள் விட்டு ஊறவைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். அவள் வந்து தலையைச் சாய்த்தபோது அரை உளுந்து அளவுக்கு ஒரு துண்டுக் குறும்பி கண்ணாடி மேசைமேல் விழுந்து, "கண்ணுதான் குருடுன்னா காதும் செவிடா, கிழட்டுக் கழுதை" என்று டீன் ஹைட்ரிக்கின் குரலில் சொல்லிவிட்டு அடங்கியது. இருமல் மருந்துக்காகப் பின்னால் நின்றவர்கள் எல்லோருக்கும் அது கேட்டது. டீனின் குரலைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை; எல்லோரையும் விட அதிகமாகக் கோதுமை விதைப்பவர் அவர், கூட்டங்களில் கடைசியாகப் பேசுகிறவரும் அவர்தான். நீல் ப்ரௌஸ் ஒரு காகிதத்தால் குறும்பியைத் துடைத்துக் கூடையில் போட்டுவிட்டு, "உள்ள இன்னும் நிறைய இருக்கு" என்றார்.

கிளெனிஸ் பாரோ பே சைலோவில், அதாவது ஊர்த் தானியக் கிடங்கில், கோதுமைக்குத் தரம் போடுகிறவள். அறுப்புக் காலத்தில் லாரிகள் வரிசையாக வந்து அவளுடைய இரும்பு மேடையின் பக்கத்தில் நிற்கும். அவள் நீண்ட குழாயை லாரிக்குள் இறக்கிச் சாம்பிள் எடுத்து, சல்லடையில் சலித்து, ஈரம் பார்த்து, இது ரொட்டிக்கு ஆகும், இது மாட்டுக்குத்தான் ஆகும் என்று தீர்த்துவிடுவாள். அதற்குமேல் பேச்சில்லை. ஒரு குடும்பத்தின் ஒரு வருஷத்து வேலையை ஒரு தலையசைப்பில் மாட்டுத்தீவனமாக்குகிற பெண்பிள்ளையை எந்த ஊரும் கொண்டாடாது, பாரோ பே அதற்கு முயன்றுகூடப் பார்க்கவில்லை. அவளும் ஊரிடம் அப்படித்தான் இருந்தாள். சைலோவின் இரைச்சலுக்காக நாள் முழுவதும் காதில் அடைப்பான் வைத்திருப்பாள். சாயங்காலம் அதை எடுத்துவிட்டுப் பஞ்சுக்குச்சியால் குடைவாள். குடையக் குடையக் குறும்பி உள்ளேதான் போனது. அதோடு கோதுமைத் தூசியும் சேர்ந்து இறுகியது. முதலில் குருவிகள் நின்றுபோயின, பிறகு தொலைபேசி, அப்புறம் மனிதர்கள். வைத்தியம் பார்த்துக்கொள் என்று புருஷன் ரோஸ் ஒரு தாளில் எழுதிக்கூடக் காட்டினான். இந்த ஊரில் கேட்டு ஆகவேண்டியது எதுவும் இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவளுக்குக் கேட்கவில்லை என்பதை ஊரில் முதலில் கண்டுபிடித்தது டீன். லாரி ஜன்னலிலிருந்து நல்ல பல்வரிசை தெரியச் சிரித்துக்கொண்டே அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். அவளும் பதிலுக்குச் சிரித்துவிட்டுச் சீட்டை நீட்டினாள். அன்று சாயங்காலமே கால்பந்து கிளப்பில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த அறுப்புகளில் அது பழக்கமாகிவிட்டது. ஜன்னலை இறக்கி, சிரித்து, அவள் இடது காதுக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு எல்லோரையும் எழுப்பிவிடுகிற மனிதரும் சொன்னார், பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவரும் சொன்னார். சொன்னதெல்லாம் தூசியோடு பறந்துபோய்விட்டதென்று நினைத்தார்கள். அது பறக்கவில்லை, குறும்பியில் ஒட்டிக்கொண்டது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் யாரும் இதைக் கவனித்ததில்லை, அவ்வளவுதான்.

எண்ணெய் தன் வேலையைச் செய்துகொண்டிருந்ததால் அடுத்த நாட்களில் குறும்பி அவளுக்குத் தெரியாமலே இளகி, நினைத்த இடத்தில் விழுந்தது. ரொட்டிக்கடையில் அவள் இறைச்சி அடைத்த பாஸ்டிக்குத் தக்காளிச் சாறு கேட்டுக்கொண்டிருந்தபோது தோளில் விழுந்த ஒன்று, லாரி ஓட்டுகிற லெஸ் கூம்பின் குரலில், "மூஞ்சியப் பாரு, பூஞ்சை புடிச்ச ரொட்டி மாதிரி" என்றது. அதன் பின்னாலேயே டீன் சிரிப்பதும், அதையே இன்னும் அசிங்கமாகச் சொல்வதும் கேட்டது. சர்ச்சில் பிரார்த்தனைக்குத் தலை குனிந்தவர்களுக்கு நடுவே, பாட்டுக்கு எழுப்பிவிடுகிறவரின் குரல் அவள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது. காது கொஞ்சம் திறந்திருந்ததால் எல்லாமே அவளுக்கும் கேட்டது. அவள் கோபப்பட்டதாக யாரும் பார்க்கவில்லை. எண்ணெய்க் குப்பியை வாங்கியபடியும், ஊரில் கூட்டமான இடமாகப் பார்த்துப் போய் நின்றபடியும் இருந்தாள். அவளைக் கண்டதும் மனிதர்கள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார்கள். அவரவர் என்னென்ன சொன்னோம் என்று நினைவுபடுத்திப் பார்த்து, பலர் சாப்பாட்டைக் குறைத்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் டீன் ஹைட்ரிக் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். கூடவே பக்கத்து வீட்டு கோரலும் வந்தாள். கோரல், ரோஸின் அக்கா. ரோஸ் இறந்த பிறகும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு வருவதை அவள் நிறுத்தவில்லை. அதில் பாசம் ஒன்றும் கிடையாது. தம்பி வீட்டில் தனக்கு உரிமை உண்டு என்று காட்டத்தான் வந்தாள்.

"கிளென், நமக்குள்ள என்ன இருக்கு" என்று டீன் உரக்கப் பேசினார். "நம்ம கிளினிக்லயே நர்ஸ் ஜனெல் இருக்கா. வெதுவெதுன்னு தண்ணிய விட்டு அலசினா முடிஞ்சு போச்சு. நானே நாள் வாங்கித் தர்றேன், காசு வேண்டாம்."

"நீ ஏன் வாங்கித் தரணும்?"

"ஒரு அக்கறைதான்."

"உன் அக்கறைய ரொட்டிக்கடையிலயே கேட்டேன், டீன்."

"அந்த ரொட்டி விஷயம் லெஸ் சொன்னது."

"லெஸ் சொன்னது முன்னாடி. உன்னோடது அதுக்குப் பின்னாடி."

டீன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோரல்தான் பேசினாள். "தண்ணின்னா சுத்தமா போயிடும் கிளென். அஞ்சு நிமிஷம். அந்தக் கருமத்தை இன்னும் எத்தனை நாளைக்குச் சுமந்துட்டுத் திரிவ? எனக்கே உன்கூட வெளிய வர வெக்கமா இருக்கு."

"நீ எங்கூட எங்க வந்த?" என்றாள் கிளெனிஸ். ஆனாலும் அரிப்பு தாங்க முடியாததாக இருந்ததாலும், இலவசம் என்றதாலும், திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போனாள். ஜனெல் நல்ல பெண்தான், ஆனால் அவசரக்காரி. நாற்காலி சுவரோரம் கிடந்ததால் கைக்கு எட்டிய வலது காதிலேயே ஆரம்பித்தாள். உள்ளே விளக்கடித்துப் பார்க்கவில்லை. தண்ணீர் பீய்ச்சிய உடனே கிளெனிஸுக்குத் தலை சுற்றியது. காதடியில் பிடித்திருந்த தட்டில் பழுப்பாக ஒன்று வந்து விழுந்து, தண்ணீருக்குள்ளிருந்து, குமிழி விட்டுக்கொண்டு, "கிளென்… கிளென், நான் சொல்றதக் கொஞ்சம்" என்றது. மீதி கொப்புளித்துக் கலங்கிப்போயிற்று. ஜனெல் பயந்துபோய்த் தட்டைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள்.

அது ரோஸின் குரல். ரோஸ் இறந்து மூன்று குளிர்காலம் ஆகியிருந்தது.

கிளெனிஸ் ஜனெலின் மணிக்கட்டைப் பிடித்தாள். "நிறுத்து. இன்னொரு சொட்டு விட்டேன்னா உன் கைய ஒடிப்பேன்."

"தண்ணிச் சத்தம் கிளென், வேறொண்ணுமில்ல" என்றாள் கோரல். அவள் முகம் வெளுத்திருந்தது. "முழுசா அலசிடச் சொல்லு."

"பக்கத்துல படுத்தவன் குரல் எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, கழுத்து நனைந்தபடியே கிளெனிஸ் எழுந்து வெளியே போனாள்.

ரோஸ் கடைசியில் நுரையீரல் கெட்டு, குளிர்காலம் முழுக்கப் படுக்கையில் கிடந்தான். அவன் படுத்தது எப்போதும் அவளுடைய வலப்பக்கம். உடம்புக்கு முடியாமல் போன பிறகு அதிகமாகப் பேசினான், குரல் எழும்பாமல், கண்ணை அவள்மேல் வைத்துக்கொண்டு. எழுதுகிற தெம்பு கையில் இல்லை. அவள் குனிந்து, போர்வையைச் சரிசெய்து, "சரி ரோஸ், சரி" என்று தலையாட்டுவாள். நல்ல வார்த்தைகள்தான் சொல்கிறான் என்று முடிவுகட்டிக்கொண்டிருந்தாள். சாகிறவன் வேறென்ன சொல்வான். அந்த நினைப்பில்தான் மூன்று வருஷத்தை ஓட்டியிருந்தாள். இப்போது அந்த வார்த்தைகள் வலது காதில் கிடக்கின்றன, ஒன்று ஏற்கனவே சாக்கடையில் போய்விட்டது என்று தெரிந்ததும் அவளுக்கு ஊர்மேல் இருந்த கசப்பெல்லாம் திரண்டு ஒரே இடத்தில் வந்து நின்றது. இனிமேல் காதை யார் தொடுவது, எங்கே வைத்து, எதை வைத்து என்பதில் யார் பேச்சையும் கேட்பதில்லை என்று வைராக்கியம் கொண்டாள்.

கடற்கரையில் பழைய கேரவன் ஒன்றில் மேரிகோல்ட் என்ற பெண்மணி உள்ளே துவாரமுள்ள மெழுகுவத்தியைக் காதில் நட்டுக் கொளுத்தி வைத்தியம் செய்துகொண்டிருந்தாள். புகை உள்ளே போய் அழுக்கை இழுத்துவிடும் என்பது அவள் கணக்கு. கிளெனிஸ் அவளிடம் போய், தனக்குச் செய்வதற்கு முன் வேறு யாருக்காவது செய்த மிச்சத்தை அறுத்துக் காட்டச் சொன்னாள். மேரிகோல்ட் பெருமையோடு ஒரு கட்டையை நீளவாக்கில் பிளந்தாள். உள்ளே பழுப்பாக, கொழகொழவென்று நிறைய இருந்தது. அது மேரிகோல்டின் குரலிலேயே, "பாத்தீங்களா, எவ்வளவு வந்திருக்குன்னு" என்றது. அது மெழுகுவத்தியின் மெழுகுதான், காதிலிருந்து எதுவும் வரவில்லை என்று விளங்கியது. கிளெனிஸ் இறங்கி வந்துவிட்டாள்.

அதன் பிறகுதான் போர்ட் லிங்கனுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனாள். அங்கே ரெனாட்டா புக்விச் என்பவள் காது பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தாள். அவளுடைய அப்பா, சித்தப்பா எல்லோரும் சூரைமீன் படகுக்காரர்கள். குடும்பமே கத்திக் கத்திப் பேசும், ஆகவே அவள் மட்டும் மெதுவாகப் பேசுவாள். காதுக்குள் பார்க்கிற பெரிய உருப்பெருக்கியைத் தாழ்த்தி, இரண்டு காதையும் வெகுநேரம் பார்த்தாள். கிளெனிஸ் நடந்ததையெல்லாம் சொன்னாள். ரெனாட்டா ஆச்சரியப்படவில்லை.

"படகுக்காரங்க காதுல பெரும்பாலும் இன்ஜின் சத்தந்தான் வரும். எப்பவாவது பொண்டாட்டி குரல் வரும்" என்று அவள் ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டினாள். பிறகு கிளெனிஸின் இடப்பக்கம் வந்து உட்கார்ந்து, காதருகே பேசினாள். "வலது செவிப்பறையில ஒரு சின்ன ஓட்டை இருக்கு, மிசஸ் டிரெம்பாத். இந்தக் காதுக்குத் தண்ணியே விட்டிருக்கக் கூடாது. சீழ் புடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"வேற எப்படி எடுப்ப?"

"ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு உறிஞ்சுகுழாய். சீக்கிரம் முடியும், ஆனா இரைச்சல் ஜாஸ்தி. குரலும் பெருசா, சுத்தமா வரும், நாலு வீட்டுக்குக் கேக்கும். இன்னொண்ணு கொக்கி. உள்ள பாத்துக்கிட்டே ஒவ்வொரு ஏடா தூக்கணும். நேரம் ஆகும், நீங்க அசையக் கூடாது. குரல் இருக்கற மாதிரியே வரும். எதுல எடுத்தாலும் ஒருதரந்தான் பேசும். மேல இருக்கறது கடைசியா சொன்னது, அடியில பழசு. அதையும் நினைப்புல வெச்சுக்குங்க."

கிளெனிஸ் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். லாரி ஜன்னல் பக்கம் இருந்தது இடது காது, படுக்கைப் பக்கம் இருந்தது வலது. "வலதுக்குக் கொக்கி" என்றாள். "இங்க, கதவைச் சாத்திக்கிட்டு. அது அப்புறம். இடதுக்கு அந்த இரைச்சல் மெஷின். அதை வெளியூருக்குக் கொண்டு வருவியா?"

"மாசம் ஒருதரம் வேன்ல வருவேன். எங்க நிறுத்தணும்?"

"சைலோ வாசல்ல. அறுப்பு நடக்கறப்ப."

"அங்க ஒரே லாரியா இருக்குமே."

"அதுக்குத்தான்."

இது ஊருக்குத் தெரிந்தபோது பாரோ பே தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. வளாகத்துக்குள் வேன் வரக்கூடாது என்று சைலோ மேலாளர் சொன்னார். கிளெனிஸ் லீவு எடுத்துக்கொண்டு, வாசலுக்கு வெளியே பொதுச் சாலையின் ஓரத்தில் வேனை நிறுத்தச் செய்தாள். டீன் ஓர் ஆளைவிட்டுத் தன் டிராக்டரைக் குறுக்கே நிறுத்தினார். ரெனாட்டா அதைச் சுற்றிக்கொண்டு போய் இன்னும் நெருக்கமாக நிறுத்தினாள். அன்று மேற்கே மேகம் கறுத்திருந்தது. கோதுமை நனைந்தால் தரம் போய்விடும் என்பதால் எந்த லாரியும் வரிசையை விட்டு நகரத் துணியவில்லை. வழக்கமாக மதியச் சாப்பாடு கொண்டுவருகிற மனைவிமார்களும் அங்கே இருந்தார்கள். வேனின் பின்கதவை அகலத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு, கிளெனிஸ் இடது காதை மேலே காட்டிப் படுத்துக்கொண்டாள்.

குழாய் உள்ளே போனதும் முதலில் போன வருஷத்து அறுப்பில் பேசியது வந்தது. பிறகு அதற்கு முந்தியது. லாரி லாரியாக, அவரவர் வரிசையில் நின்ற முறைக்குத் தலைகீழாக குரல்கள் வெளியே வந்து சாலை நெடுக ஒலித்தன. மனிதர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தங்கள் குரலையே கேட்டார்கள். சிலர் ஜன்னலை ஏற்றிப் பார்த்தார்கள், அதனால் பயன் இருக்கவில்லை. பள்ளிப் பேருந்துக்காரரின் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தை லாரியின் படியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். கொஞ்ச நேரத்தில் டீன் ஹைட்ரிக்கின் குரல் வந்தது. "அடியில போன வருஷத்து வண்டு புடிச்ச கோதுமை, மேல புதுசு. உன் குழாய்க்கு அது எட்டாது. தெரியுதா? எங்க தெரியப்போகுது உனக்கு" என்று அது சந்தோஷமாகச் சொன்னது. ஒரு வருஷம் பாரோ பே கோதுமையில் வண்டு இருக்கிறதென்று கப்பல் திரும்பி வந்ததும், அந்த நஷ்டத்தை எல்லோரும் பங்குபோட்டுக்கொண்டதும், யார் செய்தது என்று கடைசிவரை தெரியாமல் போனதும் வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் ஞாபகம் இருந்தது. லாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. டீன் தன் லாரியிலேயே உட்கார்ந்திருந்தார். படுத்திருந்த கிளெனிஸுக்கு, எத்தனையோ அறுப்புகளுக்குப் பிறகு முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டது போல இருந்தது.

"போதுமா? அடியில இன்னும் ஒரு ஏடு இருக்கு" என்று கேட்டாள் ரெனாட்டா.

"எல்லாத்தையும் எடு."

அடியில் கிடந்தது அவளுடைய குரலேதான். சைலோ இரைச்சலில், அடைப்பானுக்குப் பின்னால், அவள் முணுமுணுத்தது அவளுக்கே கேட்டதில்லை. அதனால் அதுவும் ஒட்டியிருந்தது. "லெஸ் கூம்ப் லோடு. நல்ல கோதுமைதான். இருக்கட்டும், மாட்டுக்கே போகட்டும். போன வாரம் என்னைப் பாத்துச் சிரிச்சான் இல்ல" என்றது அது. பிறகு இன்னொரு லோடு, இன்னொரு பேர். கருவியை நிறுத்தச் சொல்லிக் கிளெனிஸ் கையை உயர்த்தினாள். ஆனால் வெளியே வந்தது வந்துவிட்டது.

லெஸ் கூம்ப் அந்த லோடு மாட்டுக்குப் போன வருஷத்தோடு நிலத்தை விற்றவர். இப்போது அடுத்தவர் லாரியை ஓட்டிக்கொண்டு அதே வரிசையில் நின்றிருந்தார். இறங்கி வந்து வேனின் திறந்த கதவருகே நின்றார். அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவர் குரலை உயர்த்தவில்லை. "அது நல்ல கோதுமைன்னு எனக்கு அப்பவே தெரியும், கிளென்" என்றார். திரும்பிப் போய் லாரியில் ஏறிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மழையும் இறங்கிவிட்டது.

அதற்கப்புறம் நடந்தவை எதிர்பார்க்கக் கூடியவைதான். டீன் ஹைட்ரிக்கை எல்லாக் கமிட்டிகளிலிருந்தும் எடுத்தார்கள். அவர் கோதுமையை வேறு ஊர் சைலோவுக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். கிளெனிஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் கார்ச் சக்கரங்களை யாரோ கிழித்தார்கள். ரொட்டிக்கடையில் அவள் முறை வரும்போதெல்லாம் பாஸ்டி தீர்ந்துபோயிற்று. இடது காது இப்போது ஊசி விழுந்தாலும் கேட்டது. ஊர் அவளிடம் பேசவில்லை. முன்பு கேட்கவில்லை என்று பேசினார்கள், இப்போது கேட்கிறது என்று நிறுத்திக்கொண்டார்கள். அவள் செய்தது தப்புதான் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை, சொல்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை. இனிமேல் மிச்சமிருப்பது வலது காது, அதில் ஒரு மனிதன் தன்னைப் பற்றி நல்லதாகச் சொன்னது இருக்கிறது என்ற நினைப்பைப் பிடித்துக்கொண்டு, கோடையின் நடுவில் மறுபடி போர்ட் லிங்கனுக்குக் கிளம்பினாள்.

கோரல் வந்து காரின் முன்னால் நின்றாள். "விட்டுடு கிளென். இடது காதுல பட்டது பத்தாதா?"

"வழிய விடு."

"அப்ப நானும் வர்றேன். அவன் என் தம்பி."

கதவைச் சாத்திக்கொண்டு ரெனாட்டா கொக்கியை எடுத்தாள். கிளெனிஸ் மூச்சைக்கூட அளந்து விட்டாள். கோரல் மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜனெல் அலசியது போக மிச்சமிருந்ததில் மேலேட்டில் இருந்ததுதான் கடைசியாகச் சொன்னது. அது ரோஸுடையதாக இருக்கவில்லை. ரெனாட்டா அதைத் தூக்கி வெள்ளைத் துணியில் வைத்ததும், "சொல்றேன், சொல்றேன். நீ தூங்கு" என்று கோரலின் குரல் சொன்னது.

மூலையில் நாற்காலி கிரீச்சிட்டது. அடுத்த ஏடு வந்தது. ரோஸின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு, ஆனால் தெளிவாக. "கோரல், இவளுக்கு ஒண்ணும் கேக்கல. நீயாவது இவகிட்ட எழுதிக் காட்டு."

அடுத்தது கிளெனிஸ். "சரி ரோஸ், சரி."

அதற்கடுத்தது மறுபடி ரோஸ். "என்னை அப்பன் பக்கத்துல போடாத கிளென். வில்டன்ல அம்மா கிட்ட கொண்டு போய்ப் போடு. உயிரோட இருந்தப்ப அவன் பெல்ட்டுக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில படுத்தேன். செத்தப்புறமும் அவன் பக்கத்துல படுக்கச் சொல்லாத."

பிறகு "சரி ரோஸ், சரி." அதன் கீழே அதே வேண்டுகோள், வேறு வார்த்தைகளில். அதன் கீழே அதே "சரி." அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் அதையேதான் கேட்டிருந்தான், அவளும் ஒவ்வொரு தடவையும் ஒப்புக்கொண்டிருந்தாள். ரோஸ் இப்போது ஊர்க் கல்லறையில், அப்பன் பெயர் பெரிய எழுத்தில் வெட்டிய கல்லுக்குக் கீழே, அப்பனுக்கு ஒரு கை தூரத்தில் கிடந்தான். அவளைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தையும் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில், உடம்பு நன்றாக இருந்த காலத்து ஏட்டில், "கிளென், மழை வருது, துணிய எடு" என்று மட்டும் இருந்தது.

ரெனாட்டா விளக்கை அணைத்துவிட்டுக் கையைக் கழுவப் போனாள்.

"நீ எழுதிக் காட்டல" என்றாள் கிளெனிஸ்.

"கல்லுல அவன் பேருக்கு எடம் விட்டு வெட்டி வெச்சிருந்தாங்க" என்றாள் கோரல். "அப்பா உயிரோட இருந்தப்பவே வாங்கின எடம். மகனை வேற எங்கயோ கொண்டு போய்ப் போட்டா ஊர் என்ன கேக்கும்? அம்மா ஏன் வீட்டை விட்டுப் போனா, அப்பா என்ன பண்ணினாருன்னு ஒவ்வொருத்தனுக்கா நான் சொல்லிட்டு இருக்கணுமா?"

"அவன் உன்னை நம்பிக் கேட்டான்."

"உன்னையுந்தான் கேட்டான். நீ தலையாட்டினியே. நானாவது காதுல வாங்கிட்டுப் பொய் சொன்னேன். நீ காதுலயே வாங்கல."

ஒரே காரில் திரும்பினார்கள். வீடு வந்ததும் கோரல் தன் பக்கத்து வாசலுக்குப் போனாள். அடுத்த ஞாயிறு அவள் சாப்பிட வரவில்லை, அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் வரவில்லை.

ஒரு சவத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் புதைக்க வட்டாரக் கல்லறைக் கமிட்டியின் சம்மதம் வேண்டும். டீன் ஹைட்ரிக்கை நீக்கிய பிறகு அந்தக் கமிட்டியின் தலைமையை ஊர் லெஸ் கூம்பிடம் கொடுத்திருந்தது. நிலம் போனவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கலாம். கிளெனிஸ் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். அவர் உட்காரச் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார். கோடை முடிந்தது, இலையுதிர்காலமும் போனது, விதைப்பு முடிந்தது. அவள் மாதம் ஒருமுறை போய் வாசலில் நின்றாள். மாதம் ஒருமுறை அவர் பார்க்கலாம் என்றார். ஒருநாள் மட்டும் அவள், "அந்த லோடுக்காக என்னை என்ன வேணா சொல்லு, லெஸ். சொன்னா கேட்டுக்கறேன்" என்றாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதற்கிடையில் ரெனாட்டாவின் வேன் மாதாமாதம் பாரோ பேக்கு வந்துபோனது. எந்தக் காதை எப்படி எடுத்துக்கொள்வது என்று ஜனங்கள் இப்போது யோசித்துத் தீர்மானித்தார்கள். கேட்க வேண்டியது இருப்பவர்கள் கொக்கிக்குக் காத்திருந்தார்கள். வேண்டாதவர்கள், செவிப்பறை முழுசாக இருந்தால், ஜனெலிடம் போய் அலசிக்கொண்டார்கள். ஜனெல் இப்போதெல்லாம் முதலில் விளக்கடித்துப் பார்க்கிறாள், தட்டைக் கவிழ்ப்பதற்கு முன் கேட்டுக்கொள்கிறாள். டீன் ஹைட்ரிக் அசலூரில் போய் எடுத்துக்கொண்டார் என்றும், அவருடைய மனைவி குரல் மட்டுமே இரண்டு நாள் வந்தது என்றும் சொல்லிக்கொண்டார்கள். வேனில் ஆள் இருக்கும்போது பக்கத்தில் போய் நிற்கக் கூடாது என்பது ஊரில் ஒரு நாகரிகமாகிவிட்டது.

குளிர்காலத்தில் ஒரு காலை லெஸ் கூம்ப் அவள் வீட்டு வேலிக்கு வெளியே வண்டியை நிறுத்தி, இறங்காமலே, "ரோஸ் எனக்கு ஒண்ணும் கெடுதல் பண்ணல. வெள்ளிக்கிழமை எடுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊரில் வேறு யாரும் முன்வராததால் மண்தோண்டும் இயந்திரத்தையும் அவரே ஓட்டினார். ரோஸைப் புதுப் பெட்டியில் வைத்து வில்டனுக்குக் கொண்டுபோனார்கள். அது ரயில் நின்றுபோன பழைய நிறுத்தம். வேலியில்லாத சில கல்லறைகளும் காய்ந்த புல்லும் மட்டும் உள்ள இடம். அம்மாவின் பக்கத்தில் குழி தயாராக இருந்தது. கோரல் வரவில்லை. கிளெனிஸ் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள். பெட்டி இறங்கியது. இரண்டு காதும் திறந்திருந்ததால் கயிறு உராய்வதும், மண் கட்டி உருண்டு பலகையில் விழுவதும், தூரத்தில் ஒரு காகம் கரைவதும் அவளுக்குக் கேட்டன. சொல்வதற்கு எதுவும் தயார் செய்து வரவில்லை. "போட்டாச்சு ரோஸ்" என்று மட்டும் சொன்னாள்.

லெஸ் கூம்ப் இயந்திரத்தில் ஏறப் போனார். ஏறுவதற்கு முன், முதுகைக் காட்டியபடி, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறவர்போல மெதுவாக, "நீ செத்தா உனக்கு நான் இங்கயும் எடம் தரமாட்டேன், பாரோ பேயிலயும் தரமாட்டேன்" என்றார்.

"கேட்டுச்சு, லெஸ்" என்றாள் அவள்.

"கேக்கட்டும்னுதான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஏறி, மண்ணைத் தள்ள ஆரம்பித்தார்.